கடித்து வைத்த ரொட்டி

அத்தியாயம் 6

"அழுது முடிச்சிட்டியா, இன்னும் பாக்கி இருக்கா?" என்று கேட்டாள் மஹ்பூஸா.

கேள்வி கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய கை சர்வினோஸின் முதுகை விட்டு நகரவில்லை. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பாதி ஆயுளைக் கழித்து, மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் மஹ்பூஸா. அந்த அலுவலகத்தின் ஓட்டுநர், உதவியாளன், டீ வாங்கி வருபவன், அவனே சொல்லிக்கொள்வதுபோல் மூளையும்கூட, எல்லாம் தோஹிர்தான். இப்போது அவன் சர்வினோஸின் தாஷ்கென்ட் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, தட்டில் இருந்த உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களைக் காலி செய்துகொண்டிருந்தான்.

"முடிச்சிட்டேன்க்கா," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள் சர்வினோஸ்.

"அப்போ இவனுக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லு. இவனுக்குப் புரிஞ்சா கோர்ட்டுக்கும் புரியும்."

"ரொம்ப நன்றிக்கா," என்றான் தோஹிர், வாய் நிறையப் பழத்தோடு.

சர்வினோஸ் மூச்சை இழுத்துவிட்டுத் தொடங்கினாள். "பெரிய சாஃப்ட்வேர் எழுதறவங்க எல்லாத்தையும் தாங்களே எழுத மாட்டாங்க. பொதுவா கிடக்கிற துண்டுகளை எடுத்துச் சேர்த்துப்பாங்க. அந்தத் துண்டைத்தான் லைப்ரரின்னு சொல்றோம். எங்களோட துண்டுக்குப் பேரு தரோஸி. தராசு. குழந்தையோட எடையையும் மருந்துப் பேரையும் கொடுத்தா, எவ்வளவு மருந்து கொடுக்கணும்னு சொல்லும். நானும் அஸ்லிதீனும் காலேஜ் முடிச்ச கையோட எழுதினது. நாடு பூரா ஆஸ்பத்திரிகள்ல ஓடுது."

"என்ன விலை?"

"விலையே கிடையாது. ஓப்பன் சோர்ஸ். யாரு வேணா எடுத்துக்கலாம், யாரு வேணா திருத்தி அனுப்பலாம். நாங்க பார்த்துச் சரின்னு சொன்னா அடுத்த வெர்ஷன்ல சேரும்."

"ஹஷார் மாதிரி," என்று தலையாட்டினான் தோஹிர். ஒருவர் வீட்டுச் சுவர் சரிந்தால் தெருவே கூலியில்லாமல் மண் சுமக்க வரும் அந்த வழக்கம் அவனுக்கு மிகவும் பிடிக்கும், வேலை முடிந்ததும் புலாவ் உண்டு என்பதால். "இதுல புலாவ் யாரு போடறது?"

"யாரும் போடறதில்லண்ணே. பகல்ல ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வேலை, மிச்ச நேரத்துல தரோஸி. திருத்தம் அனுப்பிட்டு நூத்துக்கணக்குல ஆளுங்க காத்துக் கிடக்கிறாங்க. பாதியை நான் திறந்துகூடப் பார்க்கல."

"சம்பளம் இல்ல, புலாவ் இல்ல, ஜெயில் மட்டும் உண்டு. பிரமாதமான உத்தியோகம்."

மஹ்பூஸா ஒரு பார்வை பார்த்தாள். தோஹிர் அடுத்த பழத்தை எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டான்.

விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. வியாழக்கிழமை தரோஸியின் புதிய பதிப்பு ஒன்று வெளியாகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் தெற்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு அந்தப் பதிப்பு சொன்ன கணக்குப்படி மருந்து கொடுத்தார்கள். பத்து மடங்கு மருந்து. குழந்தை இப்போது கண் திறக்காமல் கிடக்கிறது.

"எடை எழுதறப்ப கிலோவுக்குப் பின்னாடி நம்ம ஊர்ல புள்ளிக்குப் பதிலா காற்புள்ளிதானே போடுவோம்?" என்றாள் சர்வினோஸ். "இந்த வெர்ஷன் அந்தக் காற்புள்ளியைக் கண்டுக்கவே இல்லக்கா. குழந்தை ரெண்டு கிலோ நானூறு கிராம், 2,4ன்னு எழுதியிருந்தாங்க. கம்ப்யூட்டர் அதை இருபத்துநாலு கிலோன்னு எடுத்துக்கிச்சு."

"இந்தத் தப்பை நீ செய்வியா?"

"ஒண்ணாங்கிளாஸ்லேருந்து காற்புள்ளி போட்டுத்தான்க்கா எண் எழுதறேன். எப்படி மறப்பேன்? நான் அதை வெளியிடவே இல்ல. சத்தியமா."

போலீஸ் நம்பவில்லை. புதிய பதிப்பை வெளியிட வேண்டுமானால், கட்டைவிரல் அளவுள்ள ஒரு சாவியைக் கம்ப்யூட்டரில் செருகி அதன் பொத்தானை அழுத்த வேண்டும். அப்படிப்பட்ட சாவிகள் உலகத்திலேயே இரண்டுதான். ஒன்று சர்வினோஸிடம், இன்னொன்று அஸ்லிதீனிடம். எந்தச் சாவியை அழுத்தினாலும், மாற்றி எழுதாதவரை வெளியிட்டவர் பெயர் 'தரோஸி குழு' என்றுதான் வரும். சிநேகிதர்கள் இருவரும் நமக்குள் என்ன பிரிவினை என்று ஒரே பெயரில் கணக்கு வைத்திருந்தார்கள். அஸ்லிதீனோ ஒன்றரை வருஷமாகச் சியோலில் இருக்கிறான். போகும்போது சாவியைச் சமர்கண்டில் அம்மாவின் பித்தான் டப்பாவில் போட்டுவிட்டுப் போனான். அந்த அம்மாவுக்குக் கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் திறப்பதென்றே தெரியாது. ஆகவே மிச்சம் இருப்பது சர்வினோஸ். வழக்கை விசாரிக்கும் போலீஸ் மேஜர் அவளுடைய லேப்டாப்பையும் சாவியையும் அரக்கு வைத்து எடுத்துப் போய்விட்டார். திங்கட்கிழமை அவளையும் எடுத்துப் போவார்.

"என்னைப் பிடிச்சா பிடிக்கட்டும்க்கா," என்றாள் சர்வினோஸ். "திங்கட்கிழமை காலையில நாடு பூரா ஆஸ்பத்திரி மெஷினுங்க தானா புது வெர்ஷனை எடுத்துக்கும். இப்ப இருக்கிற புதுசு அதுதான், விஷம். தெரிஞ்ச இடமெல்லாம் போன் பண்ணிட்டேன். எத்தனை இடத்துக்குத்தான் பண்றது? தரோஸியை வச்சிருக்கிற பொதுக் களஞ்சியத்தை நடத்தறவங்களுக்கு எழுதினேன். அவங்க நாட்டுல சனி ஞாயிறு லீவாம். திருத்தம் இதோ ரெடியா இருக்கு, சிநேகிதி லேப்டாப்ல எழுதிட்டேன். வெளியிடச் சாவி இல்ல. மேஜர்கிட்ட கெஞ்சினேன், சாட்சிப் பொருள், தர முடியாதுன்னுட்டார்."

மஹ்பூஸா எழுந்து கோட்டை மாட்டினாள். "டப்பால இருக்கிற சாவியைக் கொண்டுவந்தா?"

"ஒரு நிமிஷ வேலைக்கா."

"தோஹிர், வண்டியை எடு. உங்க ஊருக்குத்தான் போறோம்."

"சமர்கண்டுக்கா?" தோஹிரின் முகம் மலர்ந்தது. "கடைசியில மனுஷங்க திங்கற புலாவ் கிடைக்கும். இங்க தாஷ்கென்ட்ல அதைக் கிண்டிக் கிண்டிக் கஞ்சியாக்கிடறாங்க."

மேஜரின் உத்தரவுப்படி சர்வினோஸ் நகரத்தை விட்டு நகரக் கூடாது. வாசல்வரை வந்து நின்றாள். அவள் கண்ணைப் பார்க்கத் தோஹிருக்குத் தைரியம் வரவில்லை.

பருத்தி எடுத்து முடிந்த நவம்பர் வயல்கள் இருபுறமும் மொட்டையாகக் கிடந்தன. வழி நெடுகத் தோஹிர் பேசிக்கொண்டே வந்தான், மஹ்பூஸா பேசவே இல்லை. பாதி தூரம் போன பிறகு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"அந்தக் காற்புள்ளி உறுத்துதுடா. நம்ம ஊர் ஆளு யாரும் அதை மறக்க மாட்டாங்க."

"அப்போ வெளியூர் ஆளா?"

"இல்லன்னா வெளியூர்ல இருந்து பழகின ஆளு."

"அஸ்லிதீனா? அவன் சியோல்ல இருக்கான், சாவி சமர்கண்ட்ல இருக்கு. அவ்வளவு நீளக் கையா அவனுக்கு?"

மஹ்பூஸா மொட்டை வயல்களைப் பார்த்தாள்.

அஸ்லிதீன் வீட்டுத் தெருமுனையில் தந்தூர் அடுப்பின் வாசனை வந்தது. வண்டி தானாக நின்றது என்று தோஹிர் பிற்பாடு சொன்னான். வெறும் கையோடு ஒரு வீட்டுக்குள் நுழைய முடியுமா? சூடாக இரண்டு ரொட்டி வாங்கினான். சமர்கண்ட்காரன் ஆயிற்றே, ரொட்டியின் முதுகில் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்துத்தான் வாங்கினான். பளபளவென்று எள் தூவிய ரொட்டி. நடுவில் ஊசி அச்சால் குத்திய நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துக்கு ஒரு முனையைக் காணோம்.

"என்னண்ணே, நட்சத்திரம் நொண்டுது?" என்றான்.

ரொட்டிக்காரர் சிரித்தார். "கடை திறந்த அன்னைக்கே அச்சு கீழ விழுந்து ஒரு முனை முறிஞ்சு போச்சு தம்பி. பொண்டாட்டி சகுனம் சரியில்லன்னா. நான் சொன்னேன், அடியே, இனிமே இதுதான் நம்ம அடையாளம், ஊர்ல வேற எவன்கிட்டயும் இருக்காதுன்னு. இந்தக் கோடையில, ஆப்ரிகாட் பழுக்கறப்ப திறந்தேன். இப்ப இந்தத் தெருவே நம்ம ரொட்டிதான்."

"ரொட்டியைச் சாய்க்காம பிடிங்கக்கா," என்று மஹ்பூஸாவின் மடியில் வைத்தான் தோஹிர். "ரொட்டி குப்புறக் கவுந்தா எங்க ஊர்ல பாவம்."

"பேசாம ஓட்டுடா."

ஸுல்ஹுமோர் கதவைத் திறந்தபோதே அவள் கண்கள் இருவரையும் தாண்டித் தெருவைப் பார்த்தன. கணவன் போன பிறகு ஒரே மகனை வைத்துக் காலம் தள்ளிய விதவை. முற்றத்து ஹுர்மா மரத்தில் இலையெல்லாம் கொட்டி, தக்காளி போன்ற ஆரஞ்சு நிறப் பழங்கள் மட்டும் தொங்கின. சர்வினோஸ் அனுப்பிய ஆட்கள் என்று மஹ்பூஸா சொன்னதும், "பாவம் அந்தப் பொண்ணு, டீவில சொன்னாங்க," என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். விரிப்பு விரித்தாள், ரொட்டிகளை வாங்கி நடுவில் வைத்தாள், தேநீரை மூன்று முறை கிண்ணத்தில் ஊற்றிக் கூஜாவுக்கே திருப்பினாள். எல்லாம் முறைப்படி நடந்தது. பிறகு தோஹிருக்குக் கிண்ணத்தை நீட்டினாள்.

தோஹிர் திகைத்தான். கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது.

விருந்தாளிக்குக் கால் கிண்ணம் ஊற்றுவதுதான் மரியாதை. சீக்கிரம் தீர்ந்தால்தானே மறுபடி மறுபடி ஊற்ற முடியும்! நிறைய ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். சமர்கண்டில் ஒரு பெண்மணி தெரியாமல் அப்படி ஊற்றமாட்டாள்.

"அக்கா, அஸ்லிதீன் இங்க ஒரு சாவி வச்சிட்டுப் போனானாமே, சின்னதா," என்றாள் மஹ்பூஸா.

"அந்தப் பொம்மையா? இருக்கும் தங்கச்சி." ஸுல்ஹுமோர் அலமாரியிலிருந்து தகர டப்பாவை எடுத்து வந்து விரிப்பில் கொட்டினாள். பித்தான்கள், நூல்கண்டுகள், ஓடாத ஒரு கைக்கடிகாரம். விரலால் கிளறினாள். "அடடே, எங்க போச்சு? அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க எடுத்து விளையாடியிருக்கும்."

அவள் டப்பாவைத் திறக்கும் முன்பே அதில் சாவி இல்லை என்று அவளுக்குத் தெரியும் என்பது தோஹிருக்கே புரிந்தது. சாவி இல்லை என்றால் திருத்தம் இல்லை. திங்கட்கிழமை இன்னும் எத்தனை தொட்டில்களோ.

"அஸ்லிதீன் நடுவுல வந்திருந்தானா?" என்றாள் மஹ்பூஸா.

"வரல. போனவன் போனவன்தான். அதோ, அவன் கடிச்சு வச்ச ரொட்டி, வந்து திங்கறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கு."

தோஹிர் நிமிர்ந்து பார்த்தான். சுவரில் உயரமாக ஒரு ஆணியில், சிவப்புக் கயிற்றில் ரொட்டி ஒன்று தொங்கியது. விளிம்பில் ஒரு கடி. தூர தேசம் போகிறவன் வாசலில் நின்று ரொட்டியில் ஒரு வாய் கடிக்க வேண்டும், மிச்சத்தை ஆணியில் மாட்டிவிடுவார்கள், அவன் திரும்பி வந்துதான் அதைத் தின்ன வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். தோஹிர் ராணுவத்துக்குப் போனபோது அவன் அம்மாவும் ஒன்று மாட்டியிருந்தாள், அதன் மேல் ஈ உட்கார்ந்தால்கூட அழுவாளாம். அதை நினைத்துக்கொண்டே விரிப்பில் இருந்த ரொட்டியைப் பிய்க்கக் கையை நீட்டினான்.

கை பாதியிலேயே நின்றது.

விரிப்பில் இருந்த ரொட்டியில் ஒரு முனை இல்லாத நட்சத்திரம். சுவரில் இருந்த ரொட்டியிலும் அதே நட்சத்திரம். அதே முனை இல்லை.

இவ்வளவு நாளில் தோஹிர் எத்தனையோ துப்புகளைக் கண்டுபிடித்துக் குதித்திருக்கிறான். இந்த முறை குதிக்கத் தோன்றவில்லை. எதிரே அந்த அம்மா பித்தான்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்காத மாதிரி எழுந்து போய்விட்டால் என்ன என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தான். பிறகு வாசலில் நின்ற சர்வினோஸ் ஞாபகத்துக்கு வந்தாள்.

"என்னடா, வாய் ஓஞ்சு போச்சு?" என்றாள் மஹ்பூஸா. தோஹிர் பேசாமல் இருந்தால் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா... இந்த ரொட்டியைப் பாருங்க," என்றான். அவன் குரலே அவனுக்கு அந்நியமாகக் கேட்டது. "அப்புறம் அந்த ரொட்டியைப் பாருங்க."

மஹ்பூஸா எழுந்து சுவரருகே போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நெடுநேரம் பார்த்தாள். திரும்பியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"ஸுல்ஹுமோர் அக்கா, உங்க பையன் கொரியாவுக்குக் கிளம்பினது போன வருஷ வசந்தத்துல. தெருமுனைக் கடை திறந்தது இந்தக் கோடையில. இன்னும் சுடாத ரொட்டியையா கடிச்சிட்டுப் போனான்?"

பித்தான் டப்பா கவிழ்ந்தது. ஸுல்ஹுமோர் அதை நிமிர்த்தவில்லை.

"வேலை போயிடுச்சும்மா அவனுக்கு," என்றாள் கடைசியில். "அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க. போறப்ப தெருவுக்கே புலாவ் போட்டு அனுப்பினோம். தோத்துப் போய் வந்திருக்கேன்னு எப்படிச் சொல்றதும்மான்னு அழுதான். கோடை முடியறப்ப யாருக்கும் தெரியாம வந்தான். பழைய ரொட்டி கல்லாட்டம் ஆகியிருந்துச்சு. டீயில ஊற வச்சு ரெண்டு பேரும் தின்னோம். அப்புறம் உள் ரூம்லயே கிடந்தான். எப்பப் பார்த்தாலும் அந்தக் கம்ப்யூட்டர். கூப்பிட்டா சாப்பிட வரமாட்டான்."

"மறுபடி எப்ப போனான்?"

"குளிர் ஆரம்பிக்கறப்ப. அந்தப் பொம்மைச் சாவியையும் எடுத்துக்கிட்டான். ரொட்டியெல்லாம் வேண்டாம்மா, பக்கத்துலதான் போறேன்னான். நான்தான் விடல. கடிக்காம வாசப்படி தாண்டக் கூடாதுன்னு குறுக்க நின்னேன்." சட்டென்று அவள் முகம் உடைந்தது. "தங்கச்சி, என் பிள்ளையை நானே காட்டிக் கொடுத்துட்டேனா?"

மஹ்பூஸா கவிழ்ந்த டப்பாவை நிமிர்த்தி வைத்தாள். "அவனைக் கூப்பிடுங்கக்கா," என்று மட்டும் சொன்னாள்.

போனின் திரையில் தூக்கம் கெட்ட இளைஞன் முகம் வந்தது. தாடி நான்கு நாளாக வழிக்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் இரண்டு புது முகங்களைப் பார்த்ததும், "அம்மா, இங்க நேரமாயிடுச்சு, படுக்கப் போறேன்..." என்று இழுத்தான். மஹ்பூஸா யாரென்று தெரிந்ததும் அவசரமாக, "சாவி டப்பாலதான் இருக்கும்க்கா, நல்லாத் தேடுங்க. நான் இங்க சியோல்ல..." என்றான்.

"தம்பி," என்றான் தோஹிர். "சியோல்ல இப்ப இருட்டியிருக்கணும். உன் தோள்ல சாயங்கால வெயில் அடிக்குது. அங்க சூரியனுக்கு ஓவர்டைமா?"

அஸ்லிதீன் சட்டென்று நகர்ந்தான். மஹ்பூஸா ஒன்றும் சொல்லாமல் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ரொட்டியைக் காட்டி, அதற்குக் கீழே விரிப்பில் இருந்த ரொட்டியையும் காட்டினாள்.

"ஷிம்கென்ட்ல இருக்கேன்," என்றான் அஸ்லிதீன். தாஷ்கென்ட்டிலிருந்து எல்லையைத் தாண்டினால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர். கஜகஸ்தானில் மகனை ஒளித்துவைத்துக்கொண்டுதான் அந்த அம்மா தினமும் கொரியா வானிலையைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசியிருக்கிறாள்.

"நீதான் வெளியிட்டியா?"

"மூணு தடவை அனுப்பினேன்க்கா அவளுக்கு!" என்று வெடித்தான் அஸ்லிதீன். "பிறந்த குழந்தைங்க எடையை நர்ஸுங்க கிராம்ல எழுதறாங்க. தரோஸிக்குக் கிலோதான் தெரியும். அவங்க மனசுக்குள்ள மாத்தறப்ப தப்பு வருது. ரெண்டும் புரியற மாதிரி எழுதினேன். இருந்த ஒரே வேலை எனக்கு அதுதான். சர்வினோஸ் திறந்துகூடப் பார்க்கல. நானும்தானே இதைப் பெத்தவன், என்கிட்டயும் சாவி இருக்கேன்னு அழுத்திட்டேன்."

"நல்லதைத்தான் நினைச்சிருக்க. ஆனா வெளியிடறதுக்கு முன்னாடி இன்னொரு ஜோடிக் கண்ணு பார்க்கல. கொரியாவுல புள்ளி வச்சு எழுதிப் பழகிட்ட, இங்க காற்புள்ளி வரும்கறது மறந்து போச்சு."

"வெள்ளிக்கிழமை செய்தி பார்த்ததும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் பழி அவ தலையில விழட்டும்னு விட்ட."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோஹிருக்கு அவன்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"கேளு," என்றாள் மஹ்பூஸா. "திருத்தத்தை சர்வினோஸ் எழுதி வச்சிருக்கா. இப்ப உனக்கு அனுப்பச் சொல்றேன். படிச்சுப் பாரு, சாவியைச் செருகி அழுத்து. இப்ப அதைச் செய்ய உன்னைத் தவிர உலகத்துலயே ஆளில்ல."

"அழுத்தினா சாவி என்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சிடும். அப்புறம் மத்ததும் தெரிஞ்சிடும்."

"ஆமா."

"ஜெயில்தானேக்கா?"

"இருக்கலாம். உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

அவன் முதுகுக்குப் பின்னால் கஜகஸ்தான் முழுக்க விரிந்து கிடக்கிறது என்பதைத் தோஹிர் நினைத்துப் பார்த்தான். போனை அணைத்துவிட்டுச் சாவியைச் சாக்கடையில் எறிந்துவிட்டு ரயிலேறினால் யார் பிடிப்பார்கள்? அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும்.

ஸுல்ஹுமோர் போனை வாங்கிக்கொண்டாள். மகனிடம் பேசாமல் மஹ்பூஸாவைப் பார்த்தாள். "அந்தக் குழந்தை எவ்வளவு எடைன்னு சொன்னாங்க?"

"ரெண்டு கிலோ நானூறு."

"கேட்டியாடா?" என்றாள் திரையைப் பார்த்து. "நீ பொறந்தப்ப அதைவிடக் கம்மி. உன்னைத் தூக்கவே உங்கப்பா பயந்தார். பேரு தெரியாத ஒரு நர்ஸ் ராத்திரி பூரா உன்னை நெஞ்சுல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா." போனைத் தோஹிர் கையில் கொடுத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியில் தொங்கிய ரொட்டியைப் பிடித்தாள். "இது இங்க தொங்கற வரைக்கும் நீ வருவேன்னு நம்பி நான் படுத்துத் தூங்குவேன். ஜெயில்லேருந்து வந்தாலும் சரி, எத்தனை வருஷம் கழிச்சு வந்தாலும் சரி, ஊற வச்சுத் தரேன். ஆனா நீ அதை அழுத்தாம ஓடினேன்னா, இதை இப்பவே இறக்கிப் பறவைக்குப் போட்டுடறேன். அப்புறம் நீ இந்த வீட்டுக்கு வரவேண்டாம்."

"அம்மா, இறக்காத..."

திரை அணைந்தது. அவன்தான் துண்டித்தான்.

மஹ்பூஸா சர்வினோஸுக்குப் போன் செய்து சுருக்கமாகச் சொன்னாள். "மூணு தடவை அனுப்பினானா?" என்று மறுமுனையிலிருந்து குரல் வந்தது. "அவன் பேரைப் பார்த்தேன்க்கா. நம்ம அஸ்லிதீன்தானே, காத்திருப்பான்னு தள்ளி வச்சேன். திறந்திருந்தா அந்தக் காற்புள்ளி உடனே கண்ணுல பட்டிருக்கும்." விசும்பல் கேட்டது. "இதோ அனுப்பறேன்."

அனுப்பினாள். அதற்குமேல் செய்ய எதுவும் இல்லை.

தோஹிர் போனில் தரோஸியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலால் இழுத்து இழுத்துப் புதுப்பித்தான். வியாழக்கிழமைப் பதிப்புதான் மேலே நின்றது. மறுபடி இழுத்தான். அதேதான். ஜன்னலுக்கு வெளியே ஹுர்மா மரத்தில் வெயில் மங்கியது. ஸுல்ஹுமோர் முக்காலியிலிருந்து இறங்கவில்லை. ரொட்டியைப் பிடித்த கை வலித்திருக்கும், அவள் அதை எடுக்கவும் இல்லை, கீழே இறக்கவும் இல்லை. மஹ்பூஸா பித்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். தோஹிருக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

இன்னொரு தடவை இழுத்தான். பக்கம் வெளுத்து, தயங்கி, வந்தது.

"அக்கா," என்றான்.

மேலே புதிய பதிப்பு ஒன்று நின்றது. வெளியாகிச் சில நொடிகள்தான் ஆகியிருந்தன. இத்தனை வருஷமாக 'தரோஸி குழு' என்று மட்டுமே வந்துகொண்டிருந்த இடத்தில் இந்த முறை ஒரு மனிதனின் பெயர் இருந்தது. அஸ்லிதீன். என்ன மாற்றம் என்று எழுதும் இடத்தில் இரண்டே வாக்கியங்கள்: 'எடைக் கணக்குத் திருத்தம், சர்வினோஸ் எழுதியது. முந்தைய பதிப்பின் தவறு முழுவதும் என்னுடையது.'

தோஹிர் சத்தமாகப் படித்தான்.

"அழுத்திட்டானா?" என்றாள் ஸுல்ஹுமோர்.

"அழுத்திட்டான் பெரியம்மா. பேரும் போட்டிருக்கான்."

அவள் கை மெதுவாக ரொட்டியை விட்டது. ரொட்டி ஆணியில் லேசாக ஆடி நின்றது. தோஹிர் கை கொடுத்து அவளை இறக்கினான். அவள் அழவில்லை, தலைத்துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மஹ்பூஸா மேஜரைக் கூப்பிட்டுப் பேசினாள். அவர் முதலில் கத்தினார், பிறகு கேட்டார், பிறகு எழுதிக்கொண்டார். அஸ்லிதீன் வந்துபோன எல்லைச் சாவடிப் பதிவைப் பார்க்க இப்போது அவருக்கே காரணம் கிடைத்துவிட்டது. சர்வினோஸைத் திங்கட்கிழமை சாட்சியாகத்தான் கூப்பிடுவதாகச் சொன்னார். அஸ்லிதீன் தானாக எல்லைக்கு வந்தால் மஹ்பூஸா உடன் இருக்கலாம் என்றும் முனகினார்.

"அந்த ரொட்டியும் சாட்சிதானேக்கா?" என்று கிசுகிசுத்தான் தோஹிர். "எடுத்துக்கிட்டுப் போக வேண்டாமா?"

"புது வெர்ஷன் போதும்டா. அது அங்கேயே இருக்கட்டும்."

உடனே தெற்கே இருந்த ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தாள். டாக்டர் பேசினார். குழந்தை மூச்சு விடுகிறது, இன்னும் கண் திறக்கவில்லை, இன்று இரவு தாண்ட வேண்டும், ஏதாவது தெரிந்தால் கூப்பிடுகிறோம் என்றார். மஹ்பூஸா போனை விரிப்பின் நடுவில், ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஸுல்ஹுமோர் தோஹிரின் கிண்ணத்தை எடுத்தாள். ஆறிப்போன தேநீர் விளிம்புவரை அப்படியே இருந்தது. அதை முற்றத்தில் கொட்டிவிட்டு வந்து, புதிதாகக் கொதிக்கவைத்து, கூஜாவிலிருந்து மறுபடி ஊற்றி நீட்டினாள்.

கால் கிண்ணம்.

தோஹிர் ஒரே வாயில் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பி நீட்டினான். அவள் மறுபடி கால் கிண்ணம் ஊற்றினாள். போன் அடிப்பதற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள்.